ஆசியான் ஒப்பந்த மறுஆய்வு: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரச் சிறு யூனிட்டுகளின் நிலைப்பாடு

ஆசியான் நாடுகளோடு இந்தியா செய்துகொண்ட சரக்கு வணிக ஒப்பந்தம் தொடர வேண்டும். இலங்கையோடு ஆண்டுக்கணக்கில் இழுபடும் பேச்சும் முடிவுக்கு வர வேண்டும். வளரும் நாடுகள் தங்களுக்குள் வரியைக் குறைத்து வாங்கி விற்பதை, அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடி, திருமழிசை, பூந்தமல்லி சுற்றுவட்டாரத்தில் குறு, சிறு யூனிட் நடத்துகிறவர்களின் சங்கமாகிய நாங்கள் எதிர்க்கவில்லை. எங்கள் குறை இரண்டே இடத்தில்தான். ஒரு பொருள் எந்த நாட்டில் உருவானது என்று தீர்மானிக்கும் விதியில் ஓட்டை இருக்கிறது. மூலப்பொருளுக்கு வரி, அதிலிருந்து செய்த பொருளுக்கு வரியில்லை என்ற தலைகீழ் கணக்கு இருக்கிறது. இவற்றைத் தொடாமல் வரிப் பட்டியலில் மட்டும் நாலு வரியை அடித்துத் திருத்தும் மறுஆய்வை நாங்கள் ஏற்க மாட்டோம்.

எங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலோர் தங்கள் பெயரில் ஏற்றுமதியும் செய்வதில்லை, இறக்குமதியும் செய்வதில்லை. பெரிய கம்பெனிக்குச் சப்ளை செய்கிற கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்கிறவர்கள். அதனால் ஒப்பந்தத்தின் சலுகை எதுவும் எங்கள் கையில் நேராக வந்து விழுவதில்லை. அப்படியொன்று கையெழுத்தானதே ரேட் பேசப் போகும்போதுதான் தெரியவரும்.

காரின் அடியில் சைலன்சரைத் தாங்கும் சாதாரண பிராக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சாத்தாங்காடு இரும்பு அங்காடியிலிருந்து தகட்டுச் சுருள் வருகிறது. பட்டரவாக்கம் பக்கத்தில் ஒரு ஷெட்டில் அதைப் பட்டை பட்டையாகக் கிழிக்கிறார்கள். அடுத்த தெருவில் பவர் பிரஸ்ஸில் வெட்டி, துளைபோட்டு, வளைக்கிறார்கள். அந்த டையைச் செய்தவர் வேறொருவர். பிசிறு எடுக்க ஒரு யூனிட், வெல்டிங்குக்கு ஒரு யூனிட், துத்தநாக முலாம் பூச இன்னொன்று. ஒவ்வொரு கட்டத்திலும் டெலிவரி சலான் போட்டு, குட்டி யானையில் ஏற்றி அனுப்புகிறோம். இத்தனை கை மாறிய பிறகே அது பாடியிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ உள்ள கம்பெனியின் கேட்டுக்குள் நுழைகிறது. ஒவ்வொரு கையும் பத்துப் பதினைந்து பேருக்குச் சனிக்கிழமை சம்பளம் கொடுக்கிற இடம்.

ஆண்டுக்கொருமுறை ரேட் பேசும்போது எதிரே இருப்பவர் ஒரு தாளை நம் பக்கம் திருப்பி வைப்பார். தாய்லாந்திலோ வியட்நாமிலோ இருந்து வந்த கொட்டேஷன். சுங்கவரி என்ற கட்டத்தில் பூஜ்யம். “இந்த ரேட்டுக்கு வந்தீங்கன்னா ஆர்டரை உங்களுக்கே போட்டுடலாம் சார்” என்பார். பல சமயம் அந்தச் சரக்கு வருவதே இல்லை. விலை மட்டும் வருகிறது. எந்த இறக்குமதிப் புள்ளிவிவரத்திலும் இது பதிவாகாது. ஆனால் தேய்ந்த டையை மாற்றவும், பிரஸ்ஸில் வேலை செய்கிறவரின் விரலைக் காக்கும் சென்சார் பொருத்தவும் ஒதுக்கி வைத்திருந்த காசு அந்த மேசையிலேயே கரைந்துவிடுகிறது. ஒப்பந்தங்களின் விளைவை ஆராய்கிற அறிக்கைகள் துறைமுகத்தில் இறங்கிய சரக்கை மட்டும் எண்ணுவதால், இந்த நஷ்டம் அவற்றில் இடம்பெறுவதில்லை.

ஒப்பந்தத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஆசியானோடு சட்டக ஒப்பந்தம் 2003 அக்டோபரில் பாலியில் கையெழுத்தானது. அதற்கு முன்னோட்டம்போல 2004 செப்டம்பரிலிருந்து தாய்லாந்தோடு 82 பொருள்களுக்கு வரி குறைந்தது. அதுவரை தாய்லாந்துக்கு நாம் விற்றது அதிகம். ஓரிரு ஆண்டுகளிலேயே வாங்குவது அதிகமாகிவிட்டது. ஆசியான் சரக்கு ஒப்பந்தம் 2009 ஆகஸ்ட் 13 அன்று பாங்காக்கில் கையெழுத்தாகி 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2022–23இல் ஆசியானுக்கு நாம் விற்றது சுமார் 4,400 கோடி டாலர், வாங்கியது சுமார் 8,750 கோடி டாலர். மறுஆய்வு செய்ய இரு தரப்பும் 2023இல் ஒப்புக்கொண்டன. 2025க்குள் முடிப்பதென்று இலக்கு வைத்தார்கள். தேதிக்காக அவசரப்பட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

அந்தப் பற்றாக்குறை எண்ணைத் தூக்கிப் பிடித்து ஒப்பந்தத்தையே பழிக்கிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. அதில் இந்தோனேசிய நிலக்கரியும் பாமாயிலும் பெரும்பங்கு. ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் அவற்றை நாம் வாங்கித்தான் இருப்போம். எங்கள் சங்கத்துக்குள்ளேயே கருத்து ஒன்றாக இல்லை. வெளிநாட்டு பேரிங்கும் எலெக்ட்ரானிக் பாகங்களும் வாங்கி இங்கே அசெம்பிள் செய்கிற உறுப்பினர்கள் வரிச்சலுகையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அவர்களும் சேர்ந்து ஒப்புக்கொண்ட பிறகே இந்த அறிக்கை வெளியாகிறது.

இனி பிறப்பிட விதிக்கு வருகிறோம். ஆசியான் நாட்டில் செய்த பொருள் என்று சலுகை பெற, அதன் மதிப்பில் 35 சதவீதம் அந்தப் பகுதியில் உருவாகியிருக்க வேண்டும். தவிர, சுங்கப் பட்டியலில் அதன் ஆறு இலக்கத் துணைத்தலைப்பு மாறியிருக்க வேண்டும். 100 ரூபாய்ப் பொருளில் 65 ரூபாய் வரை வேறு நாட்டுச் சரக்காக இருக்கலாம். மீதி 35இல் கூலி, மேற்செலவு, லாபம் எல்லாம் சேர்த்தி. ஒரு போல்ட்டைப் பாருங்கள். சீனக் கம்பிச்சுருளை வாங்கி, ஆசியான் நாடொன்றில் மிஷினில் போட்டுத் தலையடித்து, மரை உருட்டினால் அது 7318 என்ற வேறு தலைப்புக்குப் போய்விடுகிறது. துணைத்தலைப்பு நிபந்தனை தானாகவே நிறைவேறுகிறது. கூலி, லாபம், முலாம், பேக்கிங் எல்லாவற்றையும் கூட்டி 35 சதவீதத்தைக் காகிதத்தில் எட்டுவது பெரிய காரியமல்ல.

இதே 2010 ஜனவரி 1 அன்றுதான் சீனாவும் பழைய ஆறு ஆசியான் நாடுகளும் தங்களுக்குள் பெரும்பாலான பொருள்களுக்கு வரியை எடுத்தன. 2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில், சீனாவும் சேர்ந்த ஆர்செப் ஒப்பந்தத்தில் சேர மாட்டோம் என்று இந்தியா சொன்னபோது நாங்கள் வரவேற்றோம். அதற்குப் பிறகும் பிறப்பிட விதியைத் திருத்தாமல் விட்டது, முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் தாழ்போடாமல் படுத்ததற்குச் சமம். தாய்லாந்தில் எங்களைப் போன்ற ஒரு பட்டறைக்காரர் தன் நாட்டு ஆட்களைக் கொண்டு எங்களைவிட மலிவாகச் செய்தால் எங்களுக்கு மனக்குறை இல்லை. அவரிடம் நாங்கள் கற்றுக்கொள்வோம். அவர் பெயரில் வேறு யாரோ விற்பதைத்தான் கேள்வி கேட்கிறோம்.

விதி தளர்வாக இருந்தால் சின்ன நாட்டுக்கும் நன்மை இல்லை என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. இந்தியாவின் முதல் இருதரப்புத் தடையில்லா வணிக ஒப்பந்தம் இலங்கையோடு செய்தது. 1998 டிசம்பர் 28இல் கையெழுத்தாகி 2000 மார்ச் 1இல் அமலுக்கு வந்தது. அப்போது இந்தியாவில் பாமாயிலுக்கு வரி அதிகம், இலங்கையில் குறைவு. இதைக் கவனித்த வணிகர்கள், இந்தியர்கள் உட்பட, இலங்கையில் வனஸ்பதி ஆலைகளைத் திறந்தார்கள். தென்கிழக்கு ஆசியப் பாமாயில் அங்கே இறங்கி, வனஸ்பதியாகி, வரியில்லாமல் இந்தியாவுக்குள் வந்தது. இங்குள்ள ஆலைகள் கூச்சல் போட்டன. டெல்லி ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் என்று வரம்பு கட்டியது. வரி வித்தியாசத்தை நம்பித் திறந்த ஆலைகள் அந்த வித்தியாசம் போனதும் நிலைக்கவில்லை. செம்பிலும் ஏறக்குறைய இதே கதை. இதற்காக இலங்கையைக் குறை சொல்வது தவறு. நம் வரிப் பட்டியலில் இருந்த கோணல்தான் அந்த ஆலைகளை அங்கே முளைக்க வைத்தது.

அந்தக் கோணல் இன்று எஃகில் இருக்கிறது. உள்நாட்டு எஃகு ஆலைகள், இறக்குமதி எஃகு வரியோடு சேர்த்து இங்கே வந்து இறங்கும் விலையைப் பார்த்தே தங்கள் விலையை வைக்கின்றன. எஃகுக்கு வரி ஏறினால் சாத்தாங்காட்டில் சுருள் விலை ஏறும். 2025 ஏப்ரலில் சில தகட்டு எஃகு வகைகளுக்கு 200 நாளுக்கு 12 சதவீதம் தற்காலிகப் பாதுகாப்பு வரி போட்டார்கள். எஃகு ஆலைகளுக்குப் பாதுகாப்பு தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் அதே எஃகை வேறு நாட்டில் மலிவாக வாங்கி, பிராக்கெட்டாகவும் போல்ட்டாகவும் அடித்து, சலுகை வரியில் அனுப்புகிறவரோடு நாங்கள் எப்படிப் போட்டி போடுவது? உருக்குகிறவருக்குக் குடை, அதை அடித்துப் பொருளாக்குகிறவருக்கு மழை என்பது தொழில் கொள்கை ஆகாது. எஃகுக்கு எந்தப் பாதுகாப்பு வரி போட்டாலும், அதனால் விலை ஏறும் உதிரி பாகங்களின் சலுகை வரியையும் அதே நாளில் பரிசீலிக்க வேண்டும்.

அரசு கையைக் கட்டிக்கொண்டு இருந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. 2020 செப்டம்பர் 21 முதல், சலுகை கேட்கும் இறக்குமதியாளர் பிறப்பிடத் தகவலைத் தன் கையில் வைத்திருக்க வேண்டும், ஐந்தாண்டு பாதுகாக்க வேண்டும் என்ற சுங்க விதிகள் வந்தன. நல்ல விதிகள். 2024 ஜனவரியில் கிலோ 129 ரூபாய்க்குக் குறைந்த திருகுகளை இறக்குமதி செய்யத் தடை வந்தது. பாடி, அம்பத்தூர் பக்கத்துத் திருகு யூனிட்டுகள் கொஞ்சம் மூச்சுவிட்டன. ஆனால் எந்த நாளும் மாறக்கூடிய தடையை நம்பி யாரும் புது மிஷினுக்கு லோன் எடுக்க மாட்டார்கள். நிரந்தரத் தீர்வு ஒப்பந்தத்தின் வாசகத்துக்குள் வர வேண்டும். 2022இல் ஐக்கிய அரபு அமீரகத்தோடு செய்த ஒப்பந்தத்தில், எஃகுப் பொருள்களுக்கு அந்த நாட்டிலேயே உருக்கி வார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை இந்தியா பெற்றது. ஆசியானிடமும் அதையே கேட்க வேண்டும். 7318 தலைப்பில் வரும் போல்ட், நட், திருகுகள், 8708இல் வரும் வாகன உதிரி பாகங்கள், 8714இல் வரும் சைக்கிள், இருசக்கர வாகனப் பாகங்கள் ஆகியவற்றுக்கு எந்தெந்த வேலை கூட்டாளி நாட்டில் நடந்திருக்க வேண்டும் என்று பொருள்வாரியாக எழுதி வைக்க வேண்டும்.

குறைந்த விலைக்குக் கொட்டுகிறார்கள் என்றால் பொருள்குவிப்பு எதிர்ப்பு வரி கேட்கலாமே என்று அதிகாரிகள் சொல்வதுண்டு. அந்த மனுவுக்கு ஆதரவளிக்கும் உற்பத்தியாளர்கள் உள்நாட்டு உற்பத்தியில் குறைந்தது 25 சதவீதத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று பெரிய ஆலைகள் உள்ள துறையில் இது ஒரு மதிய உணவுக்குள் முடிகிற ஏற்பாடு. நாடெங்கும் ஆயிரக்கணக்கான ஷெட்டுகளில் சிதறிக் கிடக்கும் பிரஸ் வேலைக்கு யார் போய் 25 சதவீதத்தைத் திரட்டுவது? சிறு யூனிட்டுகளின் சார்பில் அரசே முன்வந்து விசாரணை தொடங்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த அதிகாரத்தை எங்களுக்காகப் பயன்படுத்துங்கள் என்று கேட்கிறோம்.

சைக்கிளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அம்பத்தூரின் மூத்த தொழில் அதுதான். 2023 பட்ஜெட்டில் சைக்கிளுக்கான பொது இறக்குமதி வரி 30இலிருந்து 35 சதவீதமானது. வங்கதேசத்திலிருந்து வரும் சைக்கிளுக்கோ வரி இல்லை. தெற்காசிய ஒப்பந்தத்தின்கீழ் மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு, மதுவும் புகையிலையும் சார்ந்த 25 பொருள்கள் தவிர எல்லாவற்றுக்கும் 2011 நவம்பரில் இந்தியா வரியை நீக்கியது. அந்தச் சலுகையைத் திரும்பப் பெறச் சொல்லி எங்களிடமும் கேட்டார்கள். கையெழுத்துப் போட மறுத்துவிட்டோம். நம்மைவிடச் சிரமப்படும் நாட்டுக்குக் கொடுத்ததைப் பிடுங்குவது எங்கள் சங்கத்தின் வழி அல்ல. சட்டகமும் வெல்டிங்கும் டாக்காவில் நடந்ததா, பெட்டியில் வந்த பாகங்களைப் பூட்டியது மட்டும்தானா என்று சோதித்தால் போதும்.

1955 ஜனவரியில் காங்கிரஸ் கட்சி சமதர்ம பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது இதே ஆவடியில். அதற்கு மூன்று மாதம் கழித்து பாண்டுங்கில் கூடிய ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் தங்கள் கூட்டறிக்கையில் முதலாவதாக வைத்ததும் பொருளாதார ஒத்துழைப்பைத்தான். பணக்கார நாடுகளுக்கு இல்லாத ஒரு வசதியை 1979இல் காட் அமைப்பு வளரும் நாடுகளுக்குத் தந்தது. எல்லாப் பொருளையும் திறக்காமல், தேவையானவற்றில் மட்டும் தங்களுக்குள் வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்பதே அது. பிரேசில், அர்ஜென்டினா உள்ளிட்ட மெர்கோசூர் நாடுகளோடு 2009 ஜூனில் அமலான ஒப்பந்தம் அப்படிப்பட்டது. பக்கத்துக்கு 450 பொருள் அளவில், 10, 20, 100 சதவீதம் என்று சலுகை. அதைச் சின்ன ஒப்பந்தம் என்று டெல்லியில் ஏளனமாகப் பேசுகிறவர்கள் உண்டு. எங்களுக்கு அந்த அளவுதான் பிடித்திருக்கிறது. பொருள் பொருளாகப் பேசினால் பட்டறைக்காரனுக்கும் வாய் திறக்க இடம் கிடைக்கிறது.

இலங்கைப் பேச்சு 2016இல் தொடங்கி, நடுவே நின்று, 2023இல் மறுபடி உயிர்பெற்றது. தேயிலைக்கும் ஆயத்த ஆடைக்கும் அளவு வரம்பு, குறிப்பிட்ட துறைமுகம் வழியாகத்தான் வரவேண்டும் என்று நாம் போட்ட கட்டுகள் அவர்களை உறுத்தின. வரியை எடுத்துவிட்டு, செஸ் என்றும் துறைமுக, விமான நிலையத் தீர்வை என்றும் அவர்கள் வேறு பெயரில் வசூலிப்பது நம்மை உறுத்துகிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து நீக்க வேண்டும்.

எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடுவதற்கு 60 நாள் முன்பாக, ஆறு இலக்கக் குறியீட்டு வாரியான வரைவுப் பட்டியலைத் தமிழ் விளக்கத்தோடு வெளியிட வேண்டும். வணிக அமைச்சகத்தின் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் ஒன்றாவது, நட்சத்திர ஓட்டலில் இல்லாமல், அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள், ஷிப்ட் முடிந்த நேரத்தில், தமிழில் நடக்க வேண்டும். எங்கள் பங்குக்கு, பிராக்கெட், புஷ், போல்ட், சைக்கிள் பாகங்கள் ஆகியவற்றின் அடக்கவிலைக் கணக்கைக் குறியீட்டு வாரியாகத் தொகுத்துக் கூட்டத்தில் கொடுப்போம். அந்தக் கணக்கில் சந்தேகம் உள்ள அதிகாரிகள் எந்த வேலை நாளிலும் எங்கள் ஷெட்டுக்கு வந்து பதிவேட்டையும் மிஷினையும் பார்த்துச் சரிபார்க்கலாம்.