வாங்கியா? ஏற்பியா?

காங்கேயன் திருவுருவம் கடல் கடந்து வந்திறங்கிய துறையாதலின் நம்மூர் காங்கேசன்துறை எனப் பெயர்பெற்றதென்பது ஐதிகம். 2023ஆம் ஆண்டு ஒற்றோபரில் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பலும் இத்துறையை வந்தடைந்தது. ஆட்கள் சில மணி நேரத்திற் கடக்கும் இக்கடலைத் தமிழிலுள்ள அறிவியற் சொற்கள் மட்டும் இன்னும் கடந்தில. இக்குறையை ஒரு புரதத்தை முன்வைத்து ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் தமிழ்நாட்டு உயிரியல் நூலொன்றுடன் நம்மிடம் வந்தார். “ஐயா, இதிலே ஏற்பி என்றிருக்கிறது. நாங்கள் படிக்கிற வாங்கியும் இதுவும் ஒன்றா?” என வினவினார். தமிழாசிரியராகிய நமக்கு விடை தெரிந்திலது. விஞ்ஞான ஆசிரியரை அணுகியே கேட்டறிந்தோம்.

உணவிலுள்ள வெல்லம் குருதியிற் கலந்ததும் சதையி இன்சுலினைச் சுரக்கின்றது. அது கலத்தின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதத்திற் பொருந்துகின்றது. அப்புரதமே இன்சுலின் வாங்கி. அதன் நான்கு கூறுகளுள் இரண்டு வெளியே நின்று இன்சுலினை இனங்காண்கின்றன. ஏனைய இரண்டும் மென்சவ்வை ஊடுருவி உள்ளே செய்தியை அறிவிக்கின்றன. அதன் பயனாகவே தசையும் கொழுப்பிழையமும் வெல்லத்தை மிகுதியாக உள்ளெடுக்கின்றன. இச்செய்தி செவ்வனே செல்லாதொழியின் நீரிழிவு தலைகாட்டும்.

உடலில் மிகச் சிறிதளவே உள்ள இப்புரதத்தை ஆராய்ச்சிக்கு வேண்டுமளவு பிரித்தெடுத்தல் அரிது. 1985ஆம் ஆண்டில் இதற்குரிய பரம்பரையலகின் அமைப்பு அறியப்பட்டது. அவ்வலகை ஆய்வுகூடத்தில் வளர்க்கப்படும் விலங்குக் கலங்களிற் புகுத்த, அவை மனிதப் புரதத்தை ஆக்கித் தருகின்றன. 1982இல் மருந்தாக அங்கீகரிக்கப்பட்ட மனித இன்சுலினைப் பற்றீரியாக்களைக் கொண்டே ஆக்கினர். வாங்கியோ வெல்லத் தொடர்கள் பல பிணைந்த பெரும் புரதமாதலின் அதற்கு விலங்குக் கலமே ஏற்றது. இவ்வாறு பெறுவது நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தன்று. எம்மூலக்கூறு இதனுடன் எவ்வளவு உறுதியாகப் பொருந்துமென அளந்தறிதற்கான ஆய்வுகூடப் பொருளாகும்.

இனிப் பெயரை நோக்குவோம். வாங்கி, ஏற்பி என்னும் இரண்டும் இகர விகுதி பெற்று வினைமுதலை உணர்த்துவன, இலக்கண வழுவில்லாதன. ஆயின், இப்புரதம் வாங்கி வைத்துக்கொள்வதோடு அமைவதன்று. உரியதை இனங்கண்டு உள்ளே அறிவிப்பதே இதன் தொழில். ஆதலின் எச்சொல்லைக் கொண்டாலும் பொருளை விளக்கியே கற்பித்தல் வேண்டும். இரண்டில் எது சிறந்ததென வாதிடுவது நம் நோக்கமன்று. நம் கலம் அங்கே செல். நம் சதையி அங்கே கணையம். நம் நொதியம் அங்கே நொதி. தமிழில் உயர் அறிவியல் நூல்கள் சிலவே. அச்சிலவற்றையும் ஒருவர் நூல் மற்றவர்க்கு விளங்காவகை செய்து பாதியாக்குகின்றோம். இழப்பு யாருக்கு? வேற்றுமொழி நூலை எளிதிற் படிக்கவியலாத ஏழை மாணவனுக்கன்றோ!

1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். ‘இரணவைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்களையும் தமிழில் உதவினார். அந்நியராகிய அவரே தமிழிற் சொல் தேடி உழைத்தாராயின், தமிழராகிய நாம் நம்முட் கூடி ஒரு சொற்பட்டியல் வகுத்தல் அரிதாகுமோ?

நாம் வேண்டுவன மூன்று. இங்கே அச்சாகும் அறிவியல் நூல்களில் இருகரைச் சொற்களும் அருகருகே இடம்பெறுக. விடைத்தாள் திருத்துவோர் இரண்டையும் ஏற்றுக்கொள்க. தமிழாசிரியர் ஆய்வுகூடத்துக்கும் விஞ்ஞான ஆசிரியர் தமிழ் வகுப்புக்கும் சென்று வருக.

பிறநாட்டு ஆய்வுகூடங்களிற் பணிபுரியும் பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம்: நீங்கள் நாடோறும் கையாளும் ஒரு பொருளைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுதியனுப்புங்கள். நன்கொடை கட்டடமாகும், அப்பக்கமோ இங்குள்ள மாணவர்க்கு அறிவாகும். சொல் வேண்டுமிடத்து எழுதிக் கேளுங்கள். உங்களுடன் சேர்ந்து தேடுதற்கு நாம் ஆயத்தமாயிருக்கின்றோம்.