எட்டாம் மாதப் பிள்ளை

"ஏழாம் மாதம் பிறந்த பிள்ளை தங்கும், எட்டாம் மாதம் பிறந்தது தங்காது" என்று நம் லயங்களில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மரியாதையோடு சொல்கிறேன், இது தவறு. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளையின் நுரையீரலுக்கு லாபமே.

நம் பிள்ளைகள் பப்பாளிக் குழலில் குமிழி ஊதி விளையாடுகிறார்களே, வெறும் தண்ணீரில் ஊதினால் குமிழி நிற்குமா? சவர்க்காரம் கரைத்தால்தான் நிற்கும். தண்ணீரின் மேற்பரப்புக்குத் தன்னையே இழுத்துச் சுருக்கும் குணம் உண்டு. சவர்க்காரம் அந்த இழுப்பைத் தளர்த்துகிறது. நுரையீரலில் உள்ள நுண்ணிய காற்றறைகளின் உட்புறமும் ஈரம்தான். மூச்சை வெளியே விட்டதும் அவை சுருங்கி ஒட்டிக்கொள்ளாமலிருக்க, நுரையீரலே சவர்க்காரம் போல ஒரு கொழுப்புப் பொருளைச் சுரக்கிறது. மருத்துவர்கள் இதை 'சர்ஃபக்டன்ட்' என்பார்கள். ஏறக்குறைய 24ஆம் வாரத்தில் ஊறத் தொடங்கும் இது, போதிய அளவு சேர 35 வாரமாவது ஆகும். அதற்கு முந்திப் பிறந்த பிள்ளைக்கு ஒவ்வொரு மூச்சும் புதுப் பலூனை முதல் தடவை ஊதுவது போலத்தான். பாவம், அந்தப் பிஞ்சு எத்தனை தடவை ஊதும்? இதில் பெற்றவள் செய்த குற்றம் எதுவுமில்லை. கண்ணேறும் இல்லை.

1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்து, இரண்டே நாளில் மூச்சுத் திணறி இறந்தான். அங்கே பணத்துக்குக் குறைவா, பதவிக்குக் குறைவா? இந்தப் பொருள் குறைவதே காரணம் என்று ஏவரி, மீட் என்ற இருவர் 1959லேயே கண்டிருந்தும், கொடுக்க மருந்து இல்லை. மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்ததைக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் செலுத்தி, ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிவாரா வழிகாட்டியது 1980இல்தான்.

அதற்கு முன்பே, 1972இல், நியூசிலாந்தின் லிகின்ஸ், ஹோவி இருவரும் வேறு வழி காட்டினார்கள். பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஊசி போட்டால், வயிற்றிலேயே பிள்ளையின் நுரையீரல் விரைந்து பக்குவப்படும். ஆனால் ஊசி நன்றாக வேலை செய்ய ஒரு நாளாவது அவகாசம் வேண்டும். ஏழெட்டு மாதத்தில் விட்டுவிட்டு வலி வந்தாலோ பனிக்குடம் உடைந்தாலோ, "சூட்டு வலிதான், விடியட்டும்" என்று சுக்குக் கஷாயம் கொடுத்துப் படுக்க வைப்போமே, அப்போது பறிபோவது அந்த ஒரு நாள்தான். ராத்திரியானாலும் வண்டியை எடுக்கச் சொல்லுங்கள். ஊசி வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

பிறந்த பிள்ளை நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினாலும், முனகினாலும், விலா உள்வாங்கினாலும், உதடு நீலம் பாரித்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மந்திரிப்பதைத் திரும்பி வந்தபின் வைத்துக்கொள்ளலாம்.