குழிக்கு 2,000 ரூபாய், போலீசுக்கு?

மும்பையில் விநாயகர் சதுர்த்திப் பந்தலுக்காகச் சாலையில் ஒரு குழி தோண்டினால் மாநகராட்சி விதிக்கும் அபராதம் 2,000 ரூபாய். 2025இல் இதை 15,000 ரூபாயாக உயர்த்திப் பார்த்தார்கள். தெருவுக்குத் தெரு விழா நடத்தும் மண்டல்கள் கொதித்தெழுந்தன. மாநகராட்சி பழைய தொகைக்கே இறங்கி வந்தது. ஆக, குழிக்கு ஒரு விலை இருக்கிறது. குழிக்குப் பக்கத்தில் பத்து நாள் கால் கடுக்க நிற்கும் கான்ஸ்டபிளுக்கு மட்டும் மண்டல் ஒரு பைசா தர வேண்டியதில்லை.

அந்த ஆண்டு செப்டம்பர் 6, அனந்த சதுர்த்தசி. கடைசி நாள் ஊர்வலங்களுக்காக மும்பையில் இருபதாயிரத்துக்கும் அதிகமான போலீசார் நிறுத்தப்பட்டார்கள். அன்று புறப்பட்ட லால்பாக் ராஜா சிலை கிர்காவ் சௌபாட்டி கடலில் கரைக்கப்பட்டபோது மறுநாள் இரவாகிவிட்டது. அலைகள் ஒத்துழைக்கவில்லை. பக்தர்கள் வீட்டுக்குப் போய்ச் சற்றுக் கண்ணயர்ந்துவிட்டுத் திரும்பி வரலாம். காக்கிச் சட்டைக்காரருக்கு அந்த வசதி இல்லை. எட்டு மணி நேர வேலைத் திட்டத்தை மும்பை போலீஸ் 2016இல் தேவ்னார் காவல் நிலையத்தில் சோதித்துப் பார்த்து, 2018இல் நகரம் முழுவதற்கும் விரிவுபடுத்தியது. பண்டிகை வந்தால் முதலில் காற்றில் பறப்பது அந்த எட்டு மணி நேரம்தான். 'இலவச பந்தோபஸ்து' என்பதன் செலவில் ஒரு பகுதியை வரி கட்டுபவர் ஏற்கிறார். மீதியை அந்தக் கான்ஸ்டபிளின் தூக்கம் ஏற்கிறது.

இந்தச் சுமையைக் குறைக்க அரசு நம்பியிருக்கும் மலிவான ஆயுதம் 'டிரை டே'. 1949ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி கலெக்டர் ஒரு உத்தரவு போட்டால் போதும், மதுக்கடைகளின் ஷட்டர் இறங்கிவிடும். (இதே சட்டப்படி மகாராஷ்டிரத்தில் குடிப்பதற்கே பர்மிட் வேண்டும் என்பது எத்தனை குடிமகன்களுக்குத் தெரியுமோ!) 2025இல் புனேயின் சில காவல் நிலையப் பகுதிகளில் பத்து நாளும் கடைகள் மூடப்பட்டன.

ஊர்வலம் நெருக்கியடித்துப் போகும் பாதையில் கடையை மூடுவது நியாயமே. ஆனால் குடிக்க நினைப்பவர் முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்கிறார். பாருக்கு ஒரு மேனேஜர் உண்டு, வெளிச்சம் உண்டு, மூடும் நேரம் உண்டு. தகராறு செய்தால் வெளியே தள்ள ஆள் உண்டு. மொட்டை மாடிக்கும், நிறுத்தி வைத்த டெம்போவின் பின்புறத்துக்கும் இதெல்லாம் கிடையாது. அங்கே குடித்துவிட்டு ஊர்வலத்தில் ஆட வருகிறவரையும், அவருக்கு அஞ்சி ஓரமாக ஒதுங்கும் பெண்களையும் கவனிக்கும் வேலை, யார் தலையில் விடிகிறது? மறுபடியும் அதே கான்ஸ்டபிள்.

கேட்பவர் செலவில் கூடுதல் போலீஸ் தருவது புதிய யோசனை அல்ல. 1861ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்திலேயே இதற்கு இடமிருக்கிறது. மும்பையில் கிரிக்கெட் ஆட்டங்களுக்குக் கட்டணம் உண்டு. அதிலும் வேடிக்கை. 20 ஓவர் ஆட்டம் ஒன்றுக்கு 70 லட்ச ரூபாயாக இருந்ததை மாநில அரசு 2023இல் வெகுவாகக் குறைத்தது, அதுவும் 2011 முதல் முன்தேதியிட்டு! பாக்கி வைத்தவர்களுக்கு இதைவிடப் பெரிய பரிசு இருக்க முடியாது. கோடிகளில் புரளும் கிரிக்கெட்டுக்கே இந்தச் சலுகை என்றால், பிள்ளையாரிடம் யார் பில் நீட்டுவார்கள்?

கொல்கத்தாவில் பணம் எதிர்த்திசையில் ஓடியது. துர்கா பூஜை குழுக்களுக்கு 2018இல் தலா 10,000 ரூபாயில் தொடங்கிய அரசு மானியம், 2025இல் 1,10,000 ஆனது. 2020இல் வழக்கு வந்தபோது உயர் நீதிமன்றம், மானியத்தில் 75 சதவிகிதத்தை முகக்கவசம், சானிடைசருக்கும், 25 சதவிகிதத்தைப் போலீஸ்-பொதுமக்கள் நல்லுறவுக்கும் செலவிட உத்தரவிட்டது. பந்தலில் நிற்கும் போலீசுக்கு விழாக் குழு பணம் தருவது இருக்கட்டும், போலீசோடு நல்லுறவு வைத்துக்கொள்ளக் குழுவுக்கு அரசு பணம் தந்தது.

கட்டணம் வசூலிப்பதில் ஆபத்தும் உண்டு. தொகையை அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டால், பிடிக்காத கூட்டத்துக்குப் பெரிய பில் போட்டே அதை நடக்கவிடாமல் செய்துவிடலாம். 1992இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஜார்ஜியா மாநிலத்து ஃபோர்சைத் மாவட்டத்தின் ஊர்வலக் கட்டண விதியைச் செல்லாது என்று அறிவித்ததற்கு இதுவே காரணம். நம் ஊரில் எந்தச் சமூகத்தின் திருவிழா 'பிரச்சினைக்குரியது' என்று ஒரு இன்ஸ்பெக்டர் முடிவு செய்யும் நிலை வந்தால் விபரீதம்தான்.

எனவே விகிதம் முன்கூட்டியே அச்சாகி, எல்லா மதத்து விழாவுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பத்து வீடுகள் சேர்ந்து நடத்தும் சந்து மண்டலுக்கு விலக்கு. உண்டியலில் விழுந்த தங்கத்தை ஏலம் விடும் அளவுக்கு வளர்ந்த மண்டல்களுக்கு வசூலுக்கு ஏற்பக் கட்டணம். அந்தப் பணம் பொதுக் கஜானாவில் கரையாமல் கான்ஸ்டபிளின் ஓவர்டைமாகப் போக வேண்டும். கூடவே ஒரு டெபாசிட்: மண்டலின் சொந்தத் தொண்டர்கள் குடித்துவிட்டு ஊர்வலத்தில் வந்தால் அது திரும்பாது. சாலைக் குழியை எண்ணிப் பார்க்கத் தெரிந்த மாநகராட்சி இருக்கும் நகரத்தில், பந்தலுக்கு எத்தனை கான்ஸ்டபிள் வந்தார், எத்தனை மணி நேரம் நின்றார் என்று எழுதி வைப்பது அப்படியொன்றும் கடினமான வேலை அல்ல.