ஒரு தொட்டியில் பல குலம்

பிலிமத்தலாவையிலிருந்து மாணவர் ஒருவர் வினாவொன்று விடுத்துள்ளார். இரண்டடி நீளமுள்ள தம் கண்ணாடித் தொட்டியில் வெண்கல நிறக் கொரிடோராஸ் இரண்டும், புள்ளிக் கொரிடோராஸ் இரண்டும், பாண்டாக் கொரிடோராஸ் ஒன்றும் வளர்க்கிறாராம். "ஒன்றையொன்று கடிக்கவில்லை, ஆயினும் பாண்டா மட்டும் செடி மறைவில் ஒதுங்கியே கிடக்கிறது. வெவ்வேறு இனங்களை ஒன்றாக விட்டது பிழையா?" என்று கேட்கிறார். மீன் வளர்க்கும் வீடுகள் பலவற்றில் எழும் ஐயம் இதுவாகையால், இவ்வாரம் சற்று விரிவாகவே விடை கூறுவோம்.

கொரிடோராஸ் என்பது தென்னமெரிக்க ஆறுகளில் வாழும் சிறு கெளிற்று மீன். நம் குளத்துக் கெளிற்றைப் போல இதற்கும் மீசையுண்டு. ஆனால் வழவழப்பான தோலுக்குப் பதிலாக, இருபுறமும் இரண்டிரண்டு வரிசையாக எலும்புத் தகடுகள் கவசம்போல் அமைந்திருக்கும். புள்ளிக் கொரிடோராஸ், சார்ள்ஸ் டார்வின் தம் கப்பற் பயணத்தின்போது சேகரித்த மாதிரிகளைக் கொண்டு 1842இல் பெயரிடப்பட்டது. 1878இலேயே பாரிஸ் நகரில் தொட்டியிற் குஞ்சு பொரித்த பழைய வீட்டு விருந்தாளி அது.

இனி வினாவுக்கு வருவோம். இம்மீன்கள் சாதுவானவை, இனம் வேறென்பதற்காகச் சண்டையிடுவதில்லை. எனினும், சண்டையிடாமை வேறு, கூடி வாழ்தல் வேறு. கொரிடோராஸ் தன் இனத்தோடு கூட்டமாகத் திரியும் இயல்புடையது. வெண்கல நிற மீன்கள் இரை தேடும்போது ஒன்றையொன்று மெல்ல இடித்துத் தொட்டுக்கொண்டே கூட்டத்தைப் பிரியாது செல்வதை ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். அத்தகைய மீன் ஒன்றைத் தனியே விட்டால், சுற்றிலும் எத்தனை அயலினம் இருந்தாலும் அதற்கு அது தனிமையே. மாணவரின் பாண்டா ஒதுங்கிக் கிடப்பதற்குத் தனிமையே காரணமாயிருத்தல் கூடும். ஆறு இனத்தில் ஒவ்வொன்று வாங்குவதினும், ஓரினத்தில் ஆறு வாங்குவதே மேல்.

வெள்ளுடலும் செங்கண்ணும் உடைய கொரிடோராஸைப் பலர் தனியினமென்று எண்ணுகின்றனர். அது பெரும்பாலும் வெண்கல இனத்தின் நிறமிழந்த வகையேயாகும். அவ்வாறாயின் அவ்விரண்டும் ஒரே கூட்டமாக வாழும்.

இயற்கையிலும் வெவ்வேறு இனங்கள் கலந்து திரிவதுண்டு. 2011இல் 'நேச்சர்' என்னும் விஞ்ஞானச் சஞ்சிகையில் வெளியான ஆராய்ச்சியொன்று இதற்குச் சுவையான விளக்கம் தருகிறது. ஒரே ஓடையில் ஒரே நிறக்கோலம் பூண்டு திரியும் இனங்கள் பெரும்பாலும் நெருங்கிய உறவினர் அல்ல. ஒன்றுக்கு முகம் நீண்டிருக்கும், மற்றொன்றுக்குக் குறுகியிருக்கும். ஆகவே அவை உண்ணும் இரையும் வேறு. இவற்றின் செட்டை முள் குத்தினால் நோகும். ஒன்றிடம் குத்துப்பட்ட பகைமீன் அதே கோலமுடைய எதையும் பின்னர் தீண்டாது. உடை ஒன்று, உணவு வேறு. இதுவே ஆற்றில் அவற்றின் ஒற்றுமைக்கு அடிப்படை. 2024இல் இப்பெருங்கூட்டத்தை விஞ்ஞானிகள் பல பேரினங்களாகவே பிரித்துவிட்டனர். அதன்படி புள்ளியும் பாண்டாவும் ஒரு பேரினம், வெண்கலம் வேறொன்று. நெருங்கிய இனங்கள் தொட்டியிற் கலந்து இனம் கலந்த குஞ்சுகளை ஈனுவதுண்டு. எனவே குஞ்சு எடுக்க விரும்புவோர் அத்தகையவற்றைப் பிரித்து வைத்தல் வேண்டும்.

கூட்டாளிகளைத் தெரிவதில் அடுத்ததாக நோக்க வேண்டியது வெப்பநிலை. புள்ளிக்கு ஏறக்குறைய 18 முதல் 23 பாகை செல்சியஸ் ஏற்றது. பாண்டாவுக்கு 20 முதல் 25. வெண்கலத்துக்கு 21 முதல் 27. ஸ்டேர்பாய் என்னும் இனமோ 24 முதல் 28 வரையுள்ள வெதுவெதுப்பை நாடும். புள்ளியையும் ஸ்டேர்பாயையும் ஒரே நீரில் வைத்தால் ஒன்று வாட, மற்றொன்று வாழும். கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டிப் பிரதேசத்து வாசகர் இவ்விடயத்திற் பாக்கியசாலிகள். வெண்கலமும் பாண்டாவும் அங்கே பெரும்பாலும் சூடாக்கியின்றியே சுகமாக வாழும். யாழ்ப்பாணத்து வெயிலில் பாண்டாவை வளர்ப்பது கடினம்.

தொட்டியின் அடியில் கழுவிய மென்மணல் பரப்புங்கள். மணலை வாயால் அள்ளிச் செவுள் வழியே உதிர்த்து இரை பொறுக்குவது இவற்றின் வழக்கம். கூரிய கல்லும், அழுக்கேறிய அடித்தளமும் மீசையைத் தேய்த்துவிடும். இம்மீன் மேலே பாய்ந்து காற்றை விழுங்கிக் குடல்வழியாகவும் சுவாசிக்குமாகையால், நீருக்கும் மூடிக்கும் இடையே சற்று வெளி இருக்கட்டும். குழாய் நீரை ஒரு நாள் வாளியில் வைத்து, குளோரின் நீங்கிய பின்னரே ஊற்றுக. மீனைப் பிடிக்க வலையினும் கிண்ணமே நன்று. செட்டை முள் வலையிற் சிக்கும். அடியில் மேய்வதனால் மற்ற மீன்களின் கழிவை உண்ணும் தோட்டி என்று இதனை எண்ணுவது தவறு. நீரில் அமிழும் தீனியும், நறுக்கிய மண்புழுவும் இதற்கெனவே இடவேண்டும். விளக்கணைத்த பின் இடுவது உத்தமம்.

ஆகவே, மாணவருக்கு எமது ஆலோசனை இது: இரண்டடித் தொட்டிக்கு ஓரினமே போதும். வெண்கலத்தை வைத்துக்கொண்டு, மேலும் நான்கு சேர்த்து ஆறாக்குக. புள்ளியையும் பாண்டாவையும் அவ்வினக் கூட்டம் வளர்க்கும் நண்பருக்கோ, மீன் விற்பவருக்கோ கொடுத்துவிடுக. மூன்றடித் தொட்டி அமையுமாயின், வெண்கலம் ஆறும் பாண்டா ஆறுமாக இரு குலங்களை ஒன்றாகக் குடியேற்றலாம்.

ஆனால் ஒன்று: வேண்டாத மீனை ஓடையில் மட்டும் விடாதீர்கள். சிறுவர் பலர் அதனைக் கருணையென்று கருதுகின்றனர். 'டாங்க் கிளீனர்' என்று கடைகளில் விற்கப்படும் உறிஞ்சுவாய்க் கெளிறும் தென்னமெரிக்காவிலிருந்து தொட்டிக்கென வந்ததே. இன்று அது கண்டிக்கு அண்மையிலுள்ள பொல்கொல்லை நீர்த்தேக்கத்தில் பெருகி, மீனவர் வலையிற் சிக்குகிறது. அதன் கரடுமுரடான கவசம் வலையையும் கெடுக்கும். பிலிமத்தலாவை ஓடையில் இன்று விடும் மீன் மகாவலியை அடையத் தடையில்லை. நம் நாட்டு ஆறுகளுக்கே உரிய சிறு மீன்கள் பல, உலகில் வேறெங்கும் இல்லாதவை. அந்நியருக்கு இடங்கொடுத்து அவற்றை இழந்தால், எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது.

வீட்டுக்கு அழைத்த விருந்தினரை இறுதிவரை பேணுவதே பண்பு. ஐந்து மீன்களே இருந்தாலும், அவற்றின் கூட்டம் எது, நீர் எது, இரை எது என்று அறிந்து வளர்க்கும் பிள்ளை, உயிர்களிடத்து அன்பை ஏட்டில் அன்றி வீட்டிலேயே கற்றுக்கொள்கிறது.