அழிக்கிற கையிலேயே சாவியும்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியா வணிகர்களுக்காகத் தயாரான விழா மலர் ஒன்றில், நகைக்கடை விளம்பரத்துக்கும் வாழை இலைச் சாப்பாட்டு விளம்பரத்துக்கும் நடுவே, பேக்கப் எடுப்பது காலாவதியான பழக்கம் என்று நிறுவக் கிளம்பிய கட்டுரை ஒன்றைப் படிக்க நேர்ந்தது. எழுதியவர் தகவல் தொழில்நுட்ப ஆலோசகராம். பெயர் வேண்டாம், வாதத்தைப் பார்ப்போம், அப்படி ஒன்று இருக்குமானால்.

எல்லாவற்றையும் கிளவுடில் போட்டுவிட்ட பிறகு தனியாக நகல் எதற்கு என்பது அவருடைய மூலமந்திரம். ஒத்திசைவு வேறு, காப்புநகல் வேறு என்ற அரிச்சுவடி தெரிந்தவர் இதை எழுதியிருக்க மாட்டார். ஒத்திசைவு நம் தவற்றையும் விசுவாசமாகப் பின்பற்றும்: கைப்பேசியில் கைதவறி அழித்த கோப்பை மடிக்கணினியிலும் அழித்துவிட்டுத்தான் ஓயும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாள் பொறுத்திருக்கும், அவ்வளவே. ஜூன் மாதத்தில் தொலைந்த கொள்முதல் கணக்கை ஆண்டு இறுதியில் தேடும் மளிகைக்கடைக்காரருக்கு அந்த 30 நாள் என்ன செய்யும்?

2024 ஆகஸ்ட் 4ஆம் தேதியை ஆலோசகர் மறந்தாரா, மறைத்தாரா? பள்ளிப் பிள்ளைகளின் ஐபேட், குரோம்புக் சாதனங்களை நிர்வகிக்கக் கல்வி அமைச்சு பயன்படுத்திவந்த மொபைல் கார்டியன் தளத்துக்குள் யாரோ ஊடுருவியதில், 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 13,000 மாணவர்களின் சாதனங்கள் தொலைவிலிருந்தபடியே துடைக்கப்பட்டன. காவலுக்கு வந்த செயலியிடமே அழிக்கும் அதிகாரமும் இருந்தது. ‘பலர் கிளவுடிலிருந்துதானே மீட்டார்கள்’ என்று அவர் துள்ளிக் குதிக்கலாம். மீட்டார்கள்தான்; அந்த நகல் மொபைல் கார்டியனின் கைக்கு எட்டாத இடத்தில் இருந்ததால் மீட்டார்கள். சாதனத்தில் மட்டுமே பாடக்குறிப்புகளை வைத்திருந்த பிள்ளைகள் வெறுங்கையோடு நின்றார்கள். மூலத்தை அழிக்கும் கை நகலையும் தொட முடியுமா என்பதே இந்த விஷயத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி. நான்கு பக்கக் கட்டுரையில் அதற்கு அரை வரிகூட இடமில்லை.

கொஞ்சம் கடல் தாண்டியும் பார்க்கட்டும். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் கிளவுடுக்குள், தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தபோது, கூடவே ஆன்லைனில் இருந்த நகலும் சேர்ந்தே பூட்டப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரசு மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரை வந்துபோன கடிதங்கள் போயே போயின. மறுபுறம், 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியின் தனிக் கிளவுடைக் கூகுள் கிளவுடே தவறுதலாக அழித்தது. இரண்டு மண்டலங்களில் வைத்திருந்ததும் சேர்ந்தே போனது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட அந்த நிறுவனம் மீண்டு வந்ததில், வேறொரு நிறுவனத்திடம் தனியாகப் போட்டு வைத்திருந்த பேக்கப்புக்குப் பெரும் பங்கு உண்டு. ஆலோசகர் கேலி செய்யும் அதே ‘பழைய பழக்கம்’தான்!

சிங்கப்பூரில் நிலநடுக்கமா, மின்வெட்டா, எதற்குப் பயம் என்கிறார். 2024 செப்டம்பர் 10ஆம் தேதி லோயாங்கில் தரவு மையம் ஒன்றின் லித்தியம் மின்கலங்கள் தீப்பிடித்து, அலிபாபா கிளவுட் சேவை தடுமாறியதே, அந்த லோயாங் எந்த நாட்டில் இருக்கிறது?

சின்னக் கடையை யார் தாக்கப்போகிறார்கள் என்ற வாதம், கேட்பவரைத் தாலாட்டித் தூங்கவைக்கும் ரகம். இணையப் பாதுகாப்பு அமைப்பிடம் 2023இல் புகாரான ரான்சம்வேர் சம்பவங்கள் 132. அவற்றில் பெரும்பாலானவை சிறிய, நடுத்தர நிறுவனங்களுடையவை. டன்லப் ஸ்ட்ரீட் கடைகளின் கல்லாப்பக்கம் எட்டிப் பாருங்கள்: கறுப்பு ஹார்ட் டிஸ்க், அதன்மேல் ஒட்டுத்தாளில் ‘பேக்கப்’ என்று பேனா எழுத்து, யூஎஸ்பி வயர் வருடம் முழுக்கக் கணினியிலேயே. ரான்சம்வேர் வரும் நாளில் அந்த டிஸ்க்கும் கணினியோடு சேர்ந்தே பூட்டிக்கொள்ளும். ‘இதிலிருந்து ஒரு பில்லாவது திரும்ப எடுத்துப் பார்த்தீர்களா, அண்ணாச்சி?’ என்றால், ‘எடுத்துப் பார்க்கவா வைத்திருக்கிறோம், தம்பி?’ என்பார்கள். வணிகக் கணக்குகளை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது வரிச் சட்டம். கிளவுட் விழுங்கிவிட்டது என்று வருமான வரி அதிகாரியிடம் ஆலோசகர் வந்து சாட்சி சொல்வாரா? உண்மையான அக்கறை இருந்தால் அந்த வயரைக் கழற்றச் சொல்லியிருப்பார். பேக்கப்பையே கழற்றச் சொல்கிறார்.

நகல் கூடக் கூடத் தகவல் கசியும் அபாயம் கூடும், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாயும் என்கிறார். கட்டுரையில் ஓரளவாவது யோசித்து எழுதிய இடம் இதுதான். கடவுச்சொல்லோடு மறையாக்கம் செய்து வைத்தால் தீரும் சிக்கல் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். ஆனால் அடுத்த பக்கத்திலேயே, தம் சேவை ஒவ்வொரு கோப்பையும் மூன்று பிரதிகளாக வைத்திருக்கிறது என்று மார்தட்டுகிறார். கடைக்காரர் எடுத்தால் ஆபத்து, இவர் எடுத்தால் அம்சமா?

‘தம் சேவை’ என்றேனா? ஆம், கட்டுரையின் கடைசி வரியில் மாதச் சந்தா விவரமும் தொலைபேசி எண்ணும் இருக்கின்றன. அதுவரை வந்த தத்துவமெல்லாம் அந்த எண்ணுக்குப் போட்ட கோலம். மைக்ரோசாஃப்ட் தன் சேவை ஒப்பந்தத்தில், தன்னிடம் வைக்கும் தரவுகளுக்கு வாடிக்கையாளர்களே தவறாமல் பேக்கப் எடுத்துக்கொள்ளும்படி பரிந்துரைக்கிறது. உலகளாவிய நிறுவனம் எழுத்தில் ஒப்புக்கொள்வதை இவர் கோலம் போட்டு மறைக்கிறார்.

வணிக நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தரவு அழிந்தால் முழு இழப்பையும் தாமே ஏற்பதாக ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்திடும்படி ஆலோசகரைக் கேளுங்கள். அவர் யோசித்துவிட்டு வரட்டும். அதுவரை இன்றிரவு கடையடைக்கும்போது அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போங்கள்.