தலைக்கவசமா, உயிர்க்கவசமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதுகிறது. இரும்பாலைத் தோழன் உள்ளே நுழைகிறான். தலையிலே கவசம், காலிலே கனத்த பூட்ஸ், கையிலே உறை. இவை இல்லாமல் வருபவனை வாயிற்காவலர் உள்ளே விடமாட்டார். விடவும் கூடாது! 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் யாரோ மனமிரங்கி இட்ட பிச்சையல்ல. உருளையிலே நசுங்கிய விரல்களும், உடைந்த மண்டைகளும், விதவையரின் கண்ணீரும் சேர்ந்து எழுதிய சட்டம் அது.

அதே தோழன் ஞாயிற்றுக்கிழமை மனைவி மக்களோடு பழவேற்காடு போகிறான். பரந்து கிடக்கும் ஏரி, பறந்து வரும் நாரை, படகுத்துறை. "அப்பா, படகு!" என்று பிள்ளை கை நீட்டுகிறது. தகப்பன் மனம் இளகுகிறது. ஆலையிலே தன் தலைக்குக் கவசம் கேட்டு வாங்கியவன், படகுத்துறையிலே தன் குழந்தையின் உயிருக்கு என்ன கேட்டான்? "தலைக்கு எவ்வளவு?" என்று மட்டும்தான் கேட்டான்!

சின்னஞ்சிறு பாய்மரப் படகுகளை ஓட்டப் பழகும் பிள்ளைகளுக்கு ஹெல்மெட் வேண்டுமா, வேண்டாமா என்றொரு வாதம் உலகத்தில் நடக்கிறது. நமக்கென்ன அந்த வாதத்தில் என்று தோழர்கள் கேட்கலாம். பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு அது என்று சிலர் ஒதுக்கலாம். ஒதுக்க வேண்டாம் என்கிறோம். ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நம் சென்னையின் நேத்ரா குமணன். டோக்கியோவிலும் பாரிசிலும் படகு செலுத்திய விஷ்ணு சரவணன் வேலூரில் பிறந்தவர். நாளை அந்த வரிசையில் பழவேற்காட்டு மீனவன் மகள் நிற்கக்கூடாதா? நிற்க வேண்டும். நிற்பதற்கு முதலில் அவள் உயிரோடு இருக்க வேண்டும்!

வாதத்தைப் பார்ப்போம். உலகமெங்கும் சிறுவர் பழகுவது 'ஆப்டிமிஸ்ட்' என்னும் படகு. 1947-இல் அமெரிக்காவில் கிளார்க் மில்ஸ் வரைந்து கொடுத்த வடிவம் அது. நீளம் 2.3 மீட்டர், எடை 35 கிலோ. பாயின் அடிப்புறத்தைக் கட்டியிருக்கும் கிடைக்கம்பு, காற்று பின்புறமிருந்து திசைமாறி அடித்தால், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சாட்டையாய்ச் சுழன்று வரும். குனியத் தெரிந்த பிள்ளை தப்பும். குனிய மறந்த பிள்ளையின் மண்டையில் விழும். அடிபட்டு மயங்கி நீரில் விழுந்தால், நீச்சல் எங்கிருந்து வரும்? கைகால் அசைப்பதற்கு முதலில் நினைவு இருக்க வேண்டுமே!

ஆகவே, பாய்மரம் பழகத் தொடங்கும் பிள்ளைக்குத் தலைக்கவசம் வேண்டும் என்பதே நம் முடிவு. வேண்டாம் என்பவர்கள் சொல்லும் காரணங்களையும் கேட்டோம். வெயிலில் தலை வேகும் என்கிறார்கள். பயிற்சியாளரின் குரல் காதில் விழாது என்கிறார்கள். கவசம் இருக்கிறது என்ற துணிச்சலில் பிள்ளை குனிய மறக்கும் என்கிறார்கள். முற்றிலும் பொய்யென்று தள்ளமாட்டோம். ஆனால் அவையெல்லாம் நல்ல கவசத்தைத் தேடச் சொல்லும் காரணங்கள். வெறுந்தலையாய் அனுப்பச் சொல்லும் காரணங்கள் அல்ல. இலேசானதாக, நீர் வடிய ஓட்டையுள்ளதாக, காதை அடைக்காததாக, நீர் விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட கவசங்கள் உண்டு. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக் கவிழ்த்து அனுப்புவது காப்பதாகாது. நீரில் அது கனக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஒரு பெரிய 'ஆனால்' இருக்கிறது, தோழர்களே!

அதே ஆப்டிமிஸ்ட் படகின் போட்டி விதி, மிதவை அங்கி இல்லாமல் எந்தப் பிள்ளையும் ஓட்டக்கூடாது என்கிறது. 'லைஃப் ஜாக்கெட்' என்று நாம் சொல்லும் அந்த அங்கியிலே ஒரு விசிலும் கட்டியிருக்க வேண்டும். தலைக்கவசம் வேண்டுமா என்று அவர்கள் வாதாடுவது, மிதவை அங்கியைப் போட்டுக்கொண்ட பிறகு! நம் பிள்ளைகளுக்கோ அந்த முதல் படியே இல்லை. வேட்டி இல்லாதவனிடம் அங்கவஸ்திரத்தின் கரை பற்றிப் பேசுவதா?

2011, டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் நாள். பழவேற்காடு ஏரியில் உல்லாசமாய்ப் போன படகு கவிழ்ந்தது. 22 உயிர்கள் போயின. குழந்தைகளும் பெண்களும் அதிலே அடக்கம். அளவுக்கு மீறி ஏற்றிய படகு. அணிய அங்கி இல்லாத பயணம். அவர்களில் யாரும் சுழலும் கம்பால் அடிபட்டுச் சாகவில்லை. மிதக்க ஒன்றுமில்லாமல் மூழ்கிச் செத்தார்கள்.

அது ஒன்றுதானா? 2009 செப்டம்பர் 30, தேக்கடி: 45 பேர். 2023 மே 7, மலப்புறம் மாவட்டத்துத் தானூர்: 22 பேர். 2024 ஜனவரி 18, வதோதராவின் ஹர்ணி ஏரி: சுற்றுலா சென்ற பள்ளிப் பிள்ளைகள் 12 பேர், ஆசிரியைகள் இருவர். ஊர் வேறு, மொழி வேறு, ஆட்சி வேறு. கதை மட்டும் ஒன்றே: ஏற்றக்கூடாத கூட்டம், இருக்க வேண்டியது இல்லாத படகு.

ஒவ்வொரு முறையும் "விதி" என்றார்கள். விதியா? படகில் இத்தனை பேர்தான் என்று எழுதி வைப்பதும் விதிதான். அந்த விதியை மீறியதால் வந்த சாவுக்குத் தலைவிதி மீது பழி போடுகிறார்கள். எழுதிய விதியை மறைக்க, எழுதாத விதியை இழுக்கிறார்கள்!

"மீனவன் பிள்ளைக்கு எதற்கு அங்கி? அது மீன்குஞ்சல்லவா?" என்பார் உண்டு. புகழ்வது போலப் புறக்கணிக்கும் பேச்சு இது. அலையில் அடிபட்டுப் பாறையில் மோதினால் மீனவன் தலையும் உடையும். இரக்கம் தீவு போன்ற இடங்களில் பிள்ளைக்குப் படகுதான் பாதை. பாதையில் போகும் பிள்ளையின் பாதுகாப்பு அரசின் கடமையல்லவா?

சாலைக்கு அந்தக் கடமையை ஏற்றுக்கொண்டார்களே! இருசக்கர வண்டியில் நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும் ஹெல்மெட் அணிய வேண்டும் என்று 2019-இல் சட்டம் திருத்தினார்கள். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் கவசமும் பாதுகாப்பு வாரும் வேண்டும் என்று 2022-இல் விதி செய்தார்கள். நீர்ப்பாதைக்கும் 1917-ஆம் ஆண்டுப் பழஞ்சட்டத்தை மாற்றி, 2021-இல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்தது. அதற்குப் பின்னர்தான் தானூர்! அதற்குப் பின்னர்தான் ஹர்ணி! சட்டம் தாளிலே மிதந்தது. பிள்ளைகள் நீரிலே மூழ்கினார்கள்.

2011-க்குப் பின் பழவேற்காட்டில் உல்லாசச் சவாரிக்குத் தடை போட்டார்கள். தடை மட்டும் போதாது. மறைவில் ஓடும் படகில் எண்ணிக்கையும் இல்லை, அங்கியும் இல்லை. தடுப்பதானால் உண்மையாகத் தடுக்க வேண்டும். விடுவதானால் ஒழுங்காக விட வேண்டும். படகோட்டியின் வயிற்றில் அடிக்கச் சொல்லவில்லை. அங்கி வாங்க அவருக்குக் கைகொடுங்கள் என்கிறோம். ஒரு படகுக்கு இத்தனை பேர் என்று துறையிலே எழுதுங்கள். குழந்தையின் அளவுக்குக் குழந்தை அங்கி வையுங்கள். பெரியவர் அங்கியில் பிள்ளை கழன்று விழும். பாய்மரம் பழக்கும் இடங்களில் அங்கியோடு தலைக்கவசத்தையும் கட்டாயமாக்குங்கள். பெரிய கிளப்பின் பிள்ளைக்கும் பெரியகுப்பத்துப் பிள்ளைக்கும் கவசம் ஒன்றாகட்டும்!

பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத் தோழர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். அடுத்த முறை படகுத்துறையில் நிற்கும்போது, "தலைக்கு எவ்வளவு?" என்பதற்கு முன், "தலைக்கு ஒரு அங்கி உண்டா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் ஏறாதீர்கள், ஏறுபவரையும் தடுத்துச் சொல்லுங்கள். பிள்ளை அழும். அழட்டும். கரையிலே அழும் பிள்ளையைத் தேற்றலாம்.