எல்லையில் மர்ம விளக்கு! 329 தடவை வந்துபோன "உளவாளிகள்" யார்?

லடாக் எல்லையில் 2012-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கி 2013 பிப்ரவரி வரை, இந்திய ராணுவத்தை இரண்டு மர்ம விளக்குகள் தூங்க விடவில்லை. ஒன்று சாயங்காலம் 6 மணி வாக்கில் தலைகாட்டும். இன்னொன்று விடியற்காலை 4 மணி வாக்கில் வரும். வருவது எல்லாம் சீனா பக்கத்தில் இருந்து!

இடம், பாங்காங் ஏரிப் பகுதி. கடல் மட்டத்துக்கு மேலே 4,300 மீட்டர் உயரம். ஏரியில் ஒரு பகுதி நம் வசம், பெரும் பகுதி சீனா வசம். நடுவே வேலியும் இல்லை, சுவரும் இல்லை. கட்டுப்பாட்டுக் கோடு என்று பேர்தான்.

ஜவான்கள் சும்மா இருக்கவில்லை. வந்ததை எல்லாம் எண்ணினார்கள். மொத்தம் 329 தடவை. அதில் 155 தடவை கோட்டைத் தாண்டி நம் பக்கம் நுழைந்ததாகக் கணக்கு எழுதினார்கள்.

சீனாவின் ஆளில்லாத வேவு விமானமாக இருக்குமோ என்று சந்தேகம். சந்தேகப்பட்டதில் தப்பு இல்லை. காவலுக்கு நிற்கிறவன் "ஏதோ நட்சத்திரம்" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டால் அதுதான் தப்பு. ராடார் வைத்துப் பார்த்தும் ஒன்றும் சிக்கவில்லை என்று அப்போது செய்தி வந்தது. சிக்காவிட்டால் பயம் கூடுமே தவிர குறையுமா?

நிபுணர்கள் விசாரணை

விவகாரம் பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்துக்குப் போனது. (நம்ம காவலூர், கொடைக்கானல் வான் ஆய்வு நிலையங்கள் இவர்களுடையதுதான். லடாக்கிலேயே ஹான்லேயில் ஒன்று இருக்கிறது.)

நிபுணர்களுக்குத் தேவைப்பட்டது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. விளக்கு எத்தனை மணிக்குத் தெரிந்தது? எந்தத் திசை? அடிவானத்தில் இருந்து எவ்வளவு உயரம்? சுற்றியுள்ள நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் எப்படி நகர்ந்தது? திருட்டு கேசில் ஏட்டு கேட்கிற கேள்வி மாதிரிதான்!

கிடைத்த விவரத்தைக் கோள்களின் கணக்கோடு ஒப்பிட்டதும் குட்டு உடைந்தது. சாயங்கால ஆசாமி வியாழன். விடிகாலை ஆசாமி வெள்ளி. நம்ம பாட்டிமார்கள் விடிவெள்ளி முளைத்தாச்சு என்று எழுந்து வாசல் தெளிப்பார்களே, அதே வெள்ளி!

ஏமாந்தது எப்படி?

2012 டிசம்பர் 3-ந் தேதி, பூமியில் இருந்து பார்க்க, சூரியனுக்கு நேர் எதிரே நின்றது வியாழன். அந்த நாட்களில் சூரியன் மேற்கே விழும்போது வியாழன் கிழக்கே ஏறும். பிறகு ராத்திரி முழுக்க மெல்ல மேற்கு நோக்கி நகரும். அங்கே கிழக்கு என்றால் சீனா, மேற்கு என்றால் இந்தியா. ஆகவே கோள் தன்பாட்டுக்குப் போனாலும், கீழே நிற்பவன் கண்ணுக்கு அது எல்லை தாண்டி வருகிற மாதிரியே இருக்கும். அந்த 155 "அத்துமீறல்" இப்படி வந்ததாகத்தான் இருக்க வேண்டும். போதாக்குறைக்கு அந்த உயரத்தில் காற்று லேசு, தூசியும் கம்மி. கோள்கள் விளக்குப் போட்ட மாதிரி பளிச்சென்று தெரியும்.

ஒரு துப்பு ஆரம்பத்திலேயே இருந்தது. அந்த நாட்களில் வியாழன் தினமும் சுமார் 4 நிமிஷம் முன்னதாக வரும். ஒரு மாதத்தில் 2 மணி நேரம் வித்தியாசம் வந்துவிடும். எந்த வேவு விமானம் இப்படி நிமிஷக் கணக்கு பார்த்துப் பறக்கும்?

2013 ஜூலையில் சங்கதி பத்திரிகைகளில் வெளியானதும் ஊர் சிரித்தது. ஆனால் ஒன்றை மறந்துவிட்டார்கள். அதே ஆண்டு ஏப்ரலில்தான் சீனப் படையினர் லடாக்கின் டெப்சாங் சமவெளியில் கூடாரம் அடித்து, சுமார் 3 வாரம் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு நாட்டிடமும் அணுகுண்டு இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் அவசரக்காரர் ஒருவர் வியாழனைக் குறிபார்த்துச் சுட்டிருந்தால், குண்டு வியாழனுக்கா போயிருக்கும்? சீனா பக்கம் போய் விழுந்திருக்கும்!